வெயிலும் புகையும் ஒரே நாளில் வந்தால்… வாசகர் கேள்விகளுக்கு மருத்துவப் பதில்கள்

காற்று மாசு பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை மாசோடு நிற்காமல் வெயிலையும் சேர்த்தே கேட்டிருந்தன. அப்படிக் கேட்டதுதான் சரி. சூடும் அழுக்குக் காற்றும் இன்று தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. ஒன்றுக்கு எடுக்கும் தற்காப்பு இன்னொன்றில் கொண்டுபோய் மாட்டிவிடுவதும் உண்டு. அந்தச் சிக்கலை மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: புவி சூடாவது ஒரு பிரச்சினை, புகை வேறு பிரச்சினை என்றுதான் நினைத்திருந்தேன். வெப்பம் கூடினால் காற்று எப்படிக் கெடும்? (கல்லூரி மாணவி)

பதில்: நான்கு வழிகளில் கெடுகிறது. முதலாவது ஓசோன். எந்தப் புகைபோக்கியிலிருந்தும் ஓசோன் நேராக வருவதில்லை. வண்டி, மின்நிலையம், தொழிற்சாலை ஆகியவை விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட், கரைப்பான் முதலியவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரியும்போது தரைமட்டத்தில் ஓசோன் உருவாகிறது. சூடு ஏற ஏற அந்த வினை வேகமெடுக்கும். மரங்களும் வெப்பத்தில் ஐசோப்ரீன் என்ற ஆவியை அதிகமாக விடும். நகரத்துப் புகையோடு அது கலந்தால் அதுவும் ஓசோனுக்குத் தீனி. வானத்தின் மேலடுக்கில் நம்மைக் காக்கும் அதே வாயு, மூக்கருகே வந்தால் மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்குகிறது.

இரண்டாவது, காற்று அசையாமல் நிற்பது. வெப்ப அலை பெரும்பாலும் வளிமண்டல உயரழுத்தத்தோடு வரும். காற்று மேலெழும்பாமல் மூடி போட்டதுபோல் நின்றுவிடும். நேற்றைய புகை போகாமல் இன்றைய புகையும் அதன்மேல் சேரும். மூன்றாவது, காய்ந்த காடும் காய்ந்த மண்ணும். 2019-20இல் ஆஸ்திரேலியாவில் காடு எரிந்தது. 2023 ஜூனில் கனடாவில் எரிந்த காட்டின் புகை பல நூறு கிலோமீட்டர் தாண்டி நியூயார்க் வானத்தைச் செம்மஞ்சளாக்கியது. தீ எங்கோ எரிந்தாலும் மூச்சு இங்கே திணறும்.

நான்காவது மகரந்தம். கரியமில வாயு கூடினால் சில களைச்செடிகள் கூடுதலாக மகரந்தம் உதிர்க்கின்றன. குளிர் சீக்கிரம் விடைபெறுவதால் பருவமும் நீள்கிறது. வட அமெரிக்காவில் 1990க்கும் 2018க்கும் இடையே மகரந்தப் பருவம் ஏறக்குறைய 20 நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டதாகவும், காற்றிலுள்ள மகரந்த அளவு சுமார் 21 சதவீதம் கூடியதாகவும் அளந்திருக்கிறார்கள்.

இவை உடலில் வெறுமனே கூட்டல் கணக்காக இருப்பதில்லை. கலிபோர்னியாவில் 2014 முதல் 2019 வரை நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது, கடும் வெப்பம் மட்டும் இருந்த நாளில் இறப்பு அபாயம் சுமார் 6 சதவீதம் கூடியிருந்தது. நுண்துகள், அதாவது காற்றில் மிதக்கும் மிகச் சிறிய மாசுத் துகள், மட்டும் மிகுந்த நாளில் 5 சதவீதம். இரண்டும் சேர்ந்த நாளில் 21 சதவீதம். ஆறும் ஐந்தும் பதினொன்று ஆகாமல் இருபத்தொன்று ஆகியிருக்கிறது பாருங்கள்.

கேள்வி: கைப்பேசியில் ஒரு செயலி காற்றுத் தரக் குறியீடு 100 என்று காட்டுகிறது, இன்னொன்று அதே நேரத்தில் 154 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் "பிஎம் 2.5 - மைக்ரோகிராம்/கன மீட்டர்" என்ற எண்ணைத் தேடுங்கள். காற்றுத் தரக் குறியீடு என்பது அளவு அல்ல. அளவை 0 முதல் 500 வரையிலான ஏணியில் ஏற்றிக் காட்டும் மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு நாடும் தனக்கென ஓர் ஏணி வைத்திருக்கிறது. நுண்துகள் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் குறியீட்டில் அது 100. "திருப்திகரம்" என்று பச்சையில் வரும். அமெரிக்கக் குறியீட்டில் அதே 60க்கு 154. "ஆரோக்கியமற்றது" என்று சிவப்பில் வரும். காற்று மாறவில்லை, சாயம்தான் மாறியது.

இந்த நுண்துகளைத்தான் பிஎம் 2.5 என்கிறார்கள்: 2.5 மைக்ரானோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள துகள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் பிடிக்க முடியாத அளவு என்பதால் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைவரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு: ஆண்டுச் சராசரி 5, ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராம். 2005இல் ஆண்டு வரம்பு 10 ஆக இருந்தது. குறைந்த அளவிலும் பாதிப்பு இருப்பது தெரிந்ததால் பாதியாக்கினார்கள். உலக மக்களில் 99 சதவீதம் பேர் இந்த வரம்பைத் தாண்டிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில செயலிகள் 24 மணி நேரச் சராசரியைக் காட்டும், சில அந்த மணி நேரத்து அளவைக் காட்டும். சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்க மணிக்கணக்கு அளவுதான் உதவும். ஓசோன் எண்ணையும் தனியாகப் பாருங்கள். 8 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராமைத் தாண்டினால், நுண்துகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அது நல்ல நாள் அல்ல.

கேள்வி: தினமும் ஓடுகிறேன். காலையா, மாலையா?

பதில்: பருவத்தைப் பொறுத்தது. குளிர்காலத்தில் விடியற்காலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் நிற்கும். புகை அந்த இடுக்கில் சிக்கிக்கொள்ளும். அப்போது வெயில் ஏறி மூடி விலகிய பிறகு ஓடுவது நல்லது. கோடையில் இது தலைகீழ். ஓசோன் நண்பகலுக்குப் பின் உச்சம் தொட்டு, வெயில் சாய்ந்த பிறகே இறங்கும். ஆகவே கோடையில் அதிகாலை. சூட்டுக்கும் அதுவே பொருந்தும்.

நேரத்தைவிட இடம் முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறோம். வேகமாக ஓடும்போது அது 60 லிட்டரைத் தாண்டும். அதுவும் வாய் வழியாக, மூக்கின் வடிகட்டலே இல்லாமல். பெருஞ்சாலையை விட்டு 150, 200 மீட்டர் தள்ளிப் போனாலே வாகனப் புகை வெகுவாகக் குறையும். புகை கடுமையான நாளில் வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்யுங்கள், அல்லது ஓட்டத்தை நடையாக்குங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, இருமல் வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்க வேண்டாம்.

கேள்வி: துணி முகக்கவசம், அறுவைசிகிச்சை முகக்கவசம், என்95… எது போதும்? அணிந்தாலும் புகை வாசனை வருகிறதே?

பதில்: நுண்துகளுக்கு என்95 அல்லது அதற்கு இணையான எஃப்எஃப்பி2. என்95 என்பது, பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளிலும் 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்று சோதித்த வடிகட்டி. அறுவைசிகிச்சை முகக்கவசத்தின் துணி மோசமில்லை. ஆனால் கன்னத்தின் இரு பக்கமும் திறந்து கிடக்கும். காற்று எளிதான வழியைத்தானே தேடும்? வடிகட்டியை விட்டுவிட்டு அந்த இடைவெளி வழியாக உள்ளே வரும். துணி முகக்கவசம் புகைக்கு ஏறக்குறைய பயனில்லை.

அணியும் முறையில்தான் பாதிப் பலன் இருக்கிறது. கவசத்தை உள்ளங்கையில் ஏந்தி முகவாயோடு சேர்த்துப் பிடியுங்கள். மேல் பட்டை உச்சந்தலையின் பின்பக்கம், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் கீழ்ப்பகுதி தூக்கிக்கொள்ளும். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்துங்கள்; ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இருபுறமும் துளை விழும். பிறகு இரு கைகளாலும் கவசத்தை மூடி வேகமாக மூச்சை விடுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் மூக்கில் இடைவெளி. கன்னத்தில் அடித்தால் பட்டை சரியில்லை. மூச்சை இழுக்கும்போது கவசம் லேசாக உள்வாங்க வேண்டும். தாடி இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்ததும் ஒட்டாது. காதில் மாட்டும் வகை பொதுவாகச் சற்றே தளர்வாகத்தான் இருக்கும்.

துவைக்காதீர்கள். இழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்சாரம்தான் துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பு நீர் பட்டால் அது போய்விடும். ஆனால் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும், அதுதான் ஆபத்து. மூச்சிழுக்கக் கனமானாலோ, நனைந்தாலோ, நசுங்கினாலோ, பட்டை தளர்ந்தாலோ மாற்றுங்கள்.

வாசனை பற்றிக் கேட்டீர்கள். வாசனை வாயு. என்95 துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. ஆகவே வாசனை வருவது கவசம் வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு எதையும் அது தடுக்காது என்பதும் இதற்குள் அடங்கும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்த முகக்கவசமும் கூடாது. தீராத நுரையீரல் அடைப்பு நோயோ கடுமையான இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு அணியுங்கள். மூச்சிழுக்க ஆகும் கூடுதல் உழைப்பே அவர்களுக்குச் சுமை.

கேள்வி: புகை வரும் நாளில் "சன்னலை மூடுங்கள்" என்கிறார்கள். வெப்ப அலையில் "சன்னலைத் திறந்து காற்றோட்டமாக இருங்கள்" என்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது? வீட்டில் 80 வயது மாமியார் இருக்கிறார்.

பதில்: எங்களுக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. முதியவருக்கு உடல் சூடேறினால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. அதனால் முன்னுரிமை குளிர்ச்சிக்கு. ஆனால் வீடு முழுவதையும் காப்பாற்ற முயல வேண்டாம். ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். மேற்கு வெயில் படாத, சன்னல் குறைவான, கழிவறை அருகிலுள்ள அறையாக இருக்கட்டும். மாமியாரின் படுக்கை அங்கே போகட்டும்.

கதவுக்கடியில் ஈரத்துணியைச் சுருட்டி வையுங்கள். சன்னல் விளிம்புகளில் டேப் ஒட்டுங்கள். திரையை வெயில் வருவதற்கு முன்பே இழுத்துவிடுங்கள். அறையில் ஒரு வெப்பமானி தொங்கட்டும். பகலில் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கப் பாருங்கள். ஏசி இருந்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. பெரும்பாலான ஏசிகள் அறைக்காற்றையே சுழற்றுகின்றன, வெளிக்காற்றை இழுப்பதில்லை. சன்னல் ஏசியில் வெளிக்காற்றுத் திறப்புக்கான நெம்பு இருந்தால் மூடுங்கள். ஏர்கூலர் அப்படியல்ல. வெளிக்காற்றை ஈரத்தட்டு வழியாக இழுத்து உள்ளே தள்ளுவதே அதன் வேலை. புகை நாளில் அதை ஓட்டினால் புகையை மோட்டார் வைத்து வீட்டுக்குள் இறைப்பதற்குச் சமம்.

மின்விசிறி 40 டிகிரிக்குக் கீழே உதவும். அதற்கு மேல் சூடான காற்றை உடம்பில் அடித்து மேலும் சூடாக்கும். கையிலும் கழுத்திலும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு விசிறிக்கு எதிரே உட்கார்வது தனி விசிறியைவிட மேல்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தால் கணக்கு இதுதான். அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி, வரும் கன அளவை 5ஆல் பெருக்குங்கள். 4 மீட்டருக்கு 3.5 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் 42 கன மீட்டர். ஐந்தால் பெருக்கினால் 210. பெட்டியில் சிஏடிஆர் (கருவி எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்ற அளவு) என்று போட்டிருக்கும் எண் மணிக்கு 210 கன மீட்டராவது இருக்க வேண்டும். அந்த எண் உச்ச வேகத்தில் அளந்தது; இரவில் சத்தம் தாளாமல் வேகத்தைக் குறைத்தால் சுத்திகரிப்பும் குறையும். அதனால் 300, 350 உள்ளதை வாங்கி நடுவேகத்தில் ஓட்டுவதே புத்திசாலித்தனம். நுண்துகளைப் பிடிக்கும் அடர்த்தியான வடிகட்டியான ஹெப்பா வடிகட்டி என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். "ஹெப்பா போன்றது" என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள்.

வாங்க முடியாதவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். 20 அங்குலச் சதுரப் பெட்டி விசிறி ஒன்று, 20க்கு 20 அங்குல மெர்வ் 13 (வடிகட்டும் திறனைக் குறிக்கும் தரம்) வடிகட்டிகள் நான்கு, அட்டை, அகல டேப். நான்கு வடிகட்டிகளையும் நான்கு சுவர்போல நிறுத்துங்கள். சட்டத்திலுள்ள அம்புக்குறி உள்நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அடியில் அட்டை. மேலே விசிறி, காற்று மேல்நோக்கி வெளியேறும்படி. எல்லா விளிம்பையும் டேப்பால் அடையுங்கள். விசிறி முகத்தில், இறக்கைகள் சுழலும் வட்டத்தை மட்டும் விட்டு நான்கு மூலைகளையும் அட்டையால் மூடுங்கள். அந்த மூலைகள் வழியாகக் காற்று திரும்ப உள்ளே புகுந்து பலனைக் குறைக்கும். வெள்ளையாக இருந்த வடிகட்டி சாம்பல் நிறமாகி, உறிஞ்சும் வேகம் குறையும்போது மாற்றுங்கள்.

புகை நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்காது. மணிக்கணக்கு அளவைப் பார்த்து, காற்றுத் திசை மாறிக் குறையும் நேரத்தில், முடிந்தால் இரவிலோ அதிகாலையிலோ, சன்னல்களை விரியத் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு மூடிச் சுத்திகரிப்பானை ஓட்டுங்கள். அறைக்குள் ஊதுவத்தி, மெழுகுவத்தி, சிகரெட் வேண்டாம். எண்ணெயில் பொரிப்பதையும் தள்ளிப்போடுங்கள். மூடிய வீட்டில் உள்ளே பிறக்கும் புகைக்குப் போக்கிடம் இல்லை.

ஏசி இல்லாமல் அறை 35, 36 என்று ஏறுகிறது, புகையும் குறையவில்லை என்றால், அந்த வீட்டில் தாக்குப்பிடிக்க முயலாதீர்கள். நூலகமோ உறவினர் வீடோ, குளிர்ந்த இடம் ஒன்றுக்குச் சில மணி நேரமாவது அழைத்துப் போங்கள். பெரியவர் குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ, அழைத்தால் பதில் மந்தமானாலோ "களைப்பு" என்று படுக்க வைக்க வேண்டாம். உடலில் நீரூற்றி, விசிறிவிட்டு, அக்குளிலும் கழுத்திலும் பனிக்கட்டிப் பொட்டலம் வைத்துக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: அயனைசர் உள்ள கருவி நல்லதா? செடிகள் வைத்தால் போதுமா?

பதில்: ஓசோனை உண்டாக்கிக் காற்றைச் "சுத்தம்" செய்யும் கருவி எதுவும் வேண்டாம். காற்றில் மின்னேற்றம் செய்யும் அயனைசரும் ஓசோனை விடக்கூடும். அது இருந்தால் அதை அணைக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து, அணைத்தே வையுங்கள். செடிகள் மனத்துக்கு இதம், வடிகட்டி அல்ல. சன்னல் இடுக்கு வழியே நடக்கும் சாதாரணக் காற்றோட்டத்துக்கு இணையாக ஆவிகளை அகற்ற, ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

கேள்வி: 7 வயது மகனுக்கு ஆஸ்துமா. புகைக்காலம் வந்தால் நீல இன்ஹேலரை நாளுக்கு ஐந்தாறு முறை அடிக்கிறோம். அதிகமா டாக்டர்?

பதில்: அம்மா, அதிகம்தான். ஆனால் தவறு உங்களுடையது அல்ல. அவனுடைய ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அந்த எண்ணிக்கை சொல்கிறது. நீல இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால் இறுகிய குழாயைச் சற்று நேரம் தளர்த்தும். குழாயின் உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர், அதாவது மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு. "நன்றாக இருக்கிறானே" என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். புகையும் ஓசோனும் வரும்போது வீங்கிய குழாயில்தான் போய் விழுகின்றன. பருவம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, தடுப்பு மருந்தின் அளவையும், மோசமானால் என்ன செய்வது என்ற திட்டத்தையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, மருந்து நுரையீரலுக்குப் போகிறதா என்பது. இன்ஹேலரை நேராக வாயில் அடித்தால் பெரும்பங்கு தொண்டைச் சுவரில் மோதி நின்றுவிடும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் குழலான ஸ்பேசர் கட்டாயம். இன்ஹேலரைக் குலுக்குங்கள். ஸ்பேசரில் பொருத்துங்கள். மகன் மூச்சை விட்டுவிட்டு, வாய்முனையை உதடுகளால் இறுகக் கவ்வட்டும். ஒரே ஒரு முறை அழுத்துங்கள். மெதுவாக, ஆழமாக இழுத்துப் பத்து விநாடி அடக்கச் சொல்லுங்கள். அடக்க முடியாவிட்டால் சாதாரணமாக ஐந்தாறு மூச்சு ஸ்பேசருக்குள்ளேயே இழுத்து விடட்டும். அரை நிமிடம் கழித்து, மறுபடியும் குலுக்கி, அடுத்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழலிலேயே தங்கும். ஸ்டீராய்டு எடுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

ஸ்பேசரைக் கழுவியதும் துணியால் துடைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்தை உட்சுவர் இழுத்துக்கொள்ளும். சோப்பு நீரில் முக்கியெடுத்துத் தானாகக் காயவிடுங்கள். வெப்ப அலைக் காலத்தில் இன்ஹேலரைக் காருக்குள் விடாதீர்கள். 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய மருந்து அது. மூடிய காரின் சூட்டில் அழுத்தக் குப்பி வெடிக்கவும் கூடும்.

அவசரத்தில்: நிமிர்ந்து உட்கார வையுங்கள். ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு முறை, ஒவ்வொரு முறைக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பாருங்கள். தணியாவிட்டால் மீண்டும் நான்கு. அப்போதும் தணியாவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, வரும்வரை இதையே தொடருங்கள். சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டாலோ, உதடு நீலித்தாலோ நான்கு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், உடனே அழையுங்கள். வீசிங் சத்தம் திடீரென்று நின்று, பையன் சோர்ந்து போனால் அது குணம் அல்ல. காற்றே உள்ளே போகவில்லை.

கேள்வி: இடி மின்னலோடு மழை வந்தால் சிலருக்கு இளைப்பு வருமாமே, உண்மையா? மழை காற்றைக் கழுவுமே!

பதில்: உண்மை. 2016 நவம்பர் 21 அன்று மாலை மெல்பர்னில் இடியோடு ஒரு புயல் வீசியது. அதையடுத்து ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளை மொய்த்தார்கள். 10 பேர் இறந்தார்கள். காரணம் புல் மகரந்தம். முழு மகரந்த மணி பெரியது, மூக்கிலேயே தங்கிவிடும். புயலின் மேலெழும் காற்று அதை உயரே கொண்டுபோகிறது. அங்கே ஈரம் பட்டு அது ஊறி வெடித்துப் பொடிப்பொடியாகிறது. மழைக்கு முன் கீழிறங்கும் குளிர்காற்று அந்தப் பொடியைத் தரைக்குக் கொண்டுவருகிறது. அவை நுரையீரலின் ஆழம்வரை போகும் அளவு சிறியவை.

பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருப்பதாகவே தெரியாது. மகரந்தக் காலத்தில் தும்மலும் மூக்கொழுகலும் மட்டும் இருந்தவர்கள். உங்களுக்கும் அப்படி இருந்தால், பூக்கும் பருவத்தில் புயல் திரளும்போது, முதல் குளிர்காற்று வீசுவதற்கு முன்பே உள்ளே போய்ச் சன்னலை மூடுங்கள். மழை நன்றாகப் பெய்து முடிந்தபின் திறக்கலாம். நீங்கள் சொன்னதுபோல அப்போது காற்று கழுவப்பட்டிருக்கும்.

கேள்வி: வயது 62. புகைபிடித்ததே இல்லை. ஸ்டென்ட் வைத்திருக்கிறேன். இதயத்துக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஐயா, வெளிக்காற்று மாசால் ஏற்படும் மரணங்களில் மாரடைப்பும் பக்கவாதமும்தான் முதலிடத்தில் இருக்கின்றன. பலர் நுரையீரல் நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நுண்துகள் காற்றுப்பையில் அழற்சியை உண்டாக்குகிறது. அந்த அழற்சியின் வேதிச் சமிக்ஞைகள் ரத்தத்தில் கலந்து, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகின்றன. மிக நுண்ணிய துகள்கள் ரத்தத்துக்கே போய்விடுகின்றன. ரத்தநாளம் சுருங்கும், இதயத்துடிப்பின் சீர் கெடும். இதன்மேல் வெயிலும் சேர்ந்தால் வியர்வையில் நீர் போய் ரத்தம் கெட்டியாகிறது. தோலைக் குளிர்விக்க இதயம் இன்னும் வேகமாக இறைக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு, கோடைக்கு முன் மருத்துவரிடம் ஒரு முறை போய் வாருங்கள். சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவை வெப்ப அலையில் நீரிழப்பையும் தலைச்சுற்றலையும் கூட்டலாம். அளவை மாற்றுவதா என்பதை அவர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம், குறிப்பாக ஸ்டென்ட்டுக்கான ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை. இதயம் பலவீனமாக இருந்து நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தால், வெயிலில் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் லிட்டர் கணக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புகை நாளில் நெஞ்சில் கனம், தாடை அல்லது இடக்கை வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் "புகையால்தான்" என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். குழந்தைவரை புகை போகுமா?

பதில்: போகும். 2019இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியில், குழந்தையின் பக்கத்திலேயே, கரித்துகள்களைக் கண்டார்கள். குறைமாதப் பிரசவம், எடை குறைவு ஆகியவற்றோடு நுண்துகளுக்கும் கடும் வெப்பத்துக்கும் தொடர்பு இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிகிறது. பயப்படுவதற்காகச் சொல்லவில்லையம்மா, குறைத்தால் பலன் தெரிகிறது என்பதற்கும் சான்று உண்டு. 2008 ஒலிம்பிக்கிற்காகப் பெய்ஜிங்கில் சில வாரங்கள் மாசைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த நாள்களில் எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள், முந்திய, பிந்திய ஆண்டுகளில் அதே நாள்களில் எட்டாம் மாதத்தைக் கடந்தவர்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. மேலே சொன்ன சுத்தமான அறை ஏற்பாட்டை உங்கள் படுக்கையறையில் செய்யுங்கள். நாளில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் கழிகிறது. கசகசப்பான நாளில் வயிறு இறுகுவது, குழந்தையின் அசைவு குறைவது தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மாசுத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்துப் பூமியைக் குளிர்விக்கின்றனவாம். அப்படியானால் மாசைக் குறைத்தால் சூடு கூடிவிடாதா?

பதில்: பாதி உண்மை. கந்தகத்திலிருந்து வரும் சல்பேட் துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கின்றன. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டபோது அந்தக் குளிர்ச்சியில் ஒரு பங்கு விலகியது. ஆனால் கரும்புகைத் துகள் ஒளியை விழுங்கிச் சூடாக்குகிறது. மீத்தேனோ இரட்டைக் குற்றவாளி: தானும் சூடாக்கும், ஓசோனும் உண்டாக்கும். அதன் ஆயுள் ஏறக்குறைய 12 ஆண்டுதான் என்பதால், இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். கரும்புகையையும் மீத்தேனையும் சேர்த்துக் குறைப்பதுதான் வழி. குளிர்ச்சிக்காக நஞ்சைச் சுவாசித்துக்கொண்டிருக்கச் சொல்ல எங்களால் முடியாது.

கேள்வி: நுரையீரலைச் சுத்தம் செய்ய மருந்து இருக்கிறதா?

பதில்: இல்லை. விற்கப்படும் எதுவும் அதைச் செய்யாது. மூக்கெரிச்சலுக்கு உப்புநீர் சொட்டு, கண்ணெரிச்சலுக்குச் சுத்தமான நீரால் கழுவுவது, கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுவது ஆகியவை இதம் தரும். வீட்டில் சாம்பல் படிந்திருந்தால் துடைப்பத்தால் பெருக்காமல், முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் படிந்தது மறுபடி மூக்குக்கே வரும்.

கேள்வி: வெப்ப அலையில் மின்வெட்டு. ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில் வைத்து ஓட்டலாமா? கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறோம்.

பதில்: கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. கதவு, சன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. என்95 தடுக்காது, ஹெப்பாவும் தடுக்காது. தலைவலி, குமட்டல், மயக்கம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், அது வெயில் அல்ல, இந்த வாயு என்று முதலில் சந்தேகியுங்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகே ஆம்புலன்ஸை அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று திரும்ப உள்ளே போய்விட வேண்டாம். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் காட்டும்.